கணனிக்குள் காத்திருந்த அழையா விருந்தாளிகள்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி நாட்களை இலங்கையில் இருந்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு இன்னொன்று. மின்வெட்டு நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் வரை நீண்டு, மாதத்தின் கடைசி நாளில் 13 மணித்தியாலம் என்றாகியிருந்தது. பத்திரிகைத் தாள் தட்டுப்பாட்டால் நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. அந்நாட்களில் ஒரு மாலை, ஆறு மணி கடந்து சில நிமிடங்களில், ஆசிரியபீடத்திலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. எங்களோடு நீண்டகாலம் ஒப்புநோக்குநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றிருந்த நண்பர் காலமாகிவிட்டார். மறுநாள் பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரு குறிப்பு வரவேண்டும். நானே எழுதவேண்டும். ஏழு மணிக்குப் பக்கம் மூடப்படும்.

பேராதனையில் கலைப்பட்டம் பெற்ற மிடுக்கோடு பத்திரிகைக்குள் நுழைந்தவன் நான். நான் எழுதிக்கொடுத்த முதற் செய்தியில் பதினான்கு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, வேறெவரும் பார்க்காதவண்ணம் தாளை மடித்து என் கையில் தந்தவர் அவர். ஒரு சொல்லும் பேசவில்லை. அவரைப் பற்றி எழுதக் கிடைத்திருந்தது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரம். வீட்டில் மின்சாரம் இல்லை. மடிக்கணனியின் மின்கலத்தில் 30 வீதம் எஞ்சியிருந்தது. கைத்தொலைபேசியில் கட்டுரை எழுதும் வித்தை எனக்குக் கைவரவில்லை, இன்றுவரை.

மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறேகாலுக்குக் கணனியை இயக்கினேன். முகப்புத் திரை தோன்றவே நான்கு நிமிடம் சென்றது. அதன்பின் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். காணொளி உரையாடலுக்கான மென்பொருள் ஒன்று கடவுச்சொல் கேட்டது. பாட்டுக் கேட்கும் மென்பொருள் ஒன்று திரையின் பாதியை அடைத்துக்கொண்டு விரிந்தது. அச்சுப்பொறியின் உதவியாளன் மை தீர்ந்துவிட்டதா, புதிதாக வாங்க விருப்பமா என்று விசாரித்தான். அந்த அச்சுப்பொறி இரண்டு வருடங்களுக்கு முன்னரே பழைய இரும்புக்காரரோடு போய்விட்டது! பேருந்தில் தொலைத்த கைத்தொலைபேசி ஒன்றோடு தொடர்புபடுத்தும் மென்பொருளும் எழுந்து, தொலைபேசியைக் காணவில்லை என்று எனக்கே அறிவித்தது. சுட்டியை அசைத்தால் அம்புக்குறி அரை நிமிடம் கழித்து அசைந்தது. எழுதுவதற்கு வெள்ளைப் பக்கம் திறந்தபோது நேரம் 6.24.

மூன்று பந்திகள் எழுதியிருப்பேன். 6.45 இற்குத் திரை இருண்டது. எச்சரிக்கை வந்ததோ என்னவோ, வந்திருந்தாலும் அந்தச் சாளரக் கூட்டத்தின் அடியில் எங்கோ கிடந்திருக்கும். இரைச்சலான தொலைபேசி இணைப்பில், நினைவிலிருந்து, ஆசிரியபீடத்து இளைஞர் ஒருவருக்குக் குறிப்பு முழுவதையும் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் மின்பிறப்பாக்கியின் ஓசைக்கு நடுவே தட்டச்சிட்டார்.

மறுநாள் பத்திரிகையைப் பிரித்தேன். கடைசி வரியாக நான் சொன்னது, ‘அவர் விட்டுச்சென்ற வழி இன்னும் எம்மோடு இருக்கிறது’ என்பது. அச்சில் வந்தது, ‘அவர் விட்டுச்சென்ற வலி இன்னும் எம்மோடு இருக்கிறது’.

எவருக்கும் பிழையென்று தோன்றாத பிழை அது. வாக்கியம் பொருள் தருகிறது. இரங்கற் குறிப்புக்குப் பொருந்தியும் வருகிறது. ஆசிரியபீடத்தில் எவரும் கவனிக்கவில்லை, தொலைபேசியில் பாராட்டிய நண்பர்களும் கவனிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்து வட்டமிடக்கூடிய ஒரே மனிதர் அன்று தம் வீட்டு விறாந்தையில் பெட்டிக்குள் கிடத்தப்பட்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் பிழை திருத்தியவருக்கு நான் எழுதிய குறிப்பு பிழையோடு வெளிவந்தது.

கணனி பழசாகிவிட்டது, புதிதொன்று வாங்கவேண்டும் என்றே அப்போது நினைத்தேன். அன்றைய டொலர் விலையில் அது வெறும் நினைப்புத்தான். சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்த என் சகோதரியின் மகளிடம் குறையைச் சொன்னேன். அவள் மொறட்டுவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவள். கணனியை இயக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, அந்த ஒன்பது நிமிடத்தையும் பொறுமையாகப் பார்த்தாள்.

“மாமா, உது பழுதில்லை. நீங்கள் வேலையைத் தொடங்க முதல் உது பதினேழு பேரை எழுப்பி இருத்துது. எல்லாரும் ஒரே வாசலால வரப் பாக்கினம். அதுதான் சுணங்குது.”

“நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லையே பிள்ளை.”

“கூப்பிட்டனீங்கள். ஒவ்வொண்டையும் போடேக்க ‘ஓம், ஓம்’ எண்டு அமத்தியிருப்பீங்கள்.”

உண்மைதான். மென்பொருள் ஒன்றை நிறுவும்போது இடையில் ஒரு சிறு சதுரம் வரும். கணனி தொடங்கும்போது இதுவும் தொடங்கட்டும் என்று அருகில் எழுதியிருக்கும். சரி அடையாளம் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். நாம் அதை வாசிப்பதில்லை. சில மென்பொருட்கள் அந்தச் சதுரத்தைக்கூடக் காட்டாமல் தம் பெயரைத் தாமே பட்டியலில் எழுதிக்கொள்கின்றன. அவற்றின் கணக்கு எளியது. பாவனையாளர் தேடி வரும்வரை காத்திருப்பதைவிட, காலையிலேயே அவர் கண்முன் நின்றுவிடுவது வியாபாரத்துக்கு நல்லது. சிலவற்றுக்கு நியாயமான காரணமும் உண்டு. முன்கூட்டியே நினைவகத்தில் ஏறி அமர்ந்திருந்தால், நாம் சொடுக்கும்போது உடனே திறக்கலாம். ஆனால் பதினேழு பேர் அப்படி நினைத்தால் ஒருவரும் உடனே திறக்க முடியாது.

என்னுடையது சுழலும் வன்தட்டுக் கொண்ட, 4 கிகாபைட் நினைவகம் உள்ள கணனி. வன்தட்டில் வாசிக்கும் முனை ஒன்றுதான் அங்குமிங்கும் ஓடவேண்டும். பதினேழு மென்பொருட்கள் ஒரே வேளையில் தத்தம் கோப்புக்களைக் கேட்டால், அது பாதி நேரத்தை வாசிப்பதற்கன்றி ஓடுவதற்கே செலவிடுகிறது. நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை அதே வன்தட்டில் கொண்டுபோய் வைக்கிறது, நெரிசல் இரட்டிப்பாகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொன்றும் தனக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் போய்ப் பார்க்கிறது. கைத்தொலைபேசி இணைப்பில் கணனியை இயக்குபவர்களின் டேட்டா எங்கே போகிறது என்பதற்கு ஒரு விடை இது. மின்கலம் எங்கே போனது என்பதற்கும் இதுவே விடை.

எனக்கு அப்போது தொண்ணூறுகளின் அலுவலகக் கணனி நினைவுக்கு வந்தது. டொஸ் காலத்து இயந்திரம். அது தொடங்கும்போது என்னென்ன செய்யவேண்டும் என்பது ‘ஓட்டோஎக்செக்’ என்ற பெயருள்ள ஒரு சிறு கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். அலுவலகத் தொழில்நுட்பவியலாளர் அதைத் திறந்து காட்டியிருக்கிறார். பத்து வரிகூட இருக்காது. விண்டோஸ் தானாகத் திறக்கவேண்டுமென்றால், கடைசி வரியில் அதற்குரிய மூன்றெழுத்துச் சொல்லை நாமே எழுதவேண்டும். எழுதாவிட்டால் திறக்காது. விண்டோஸ் 95 உடன் இதற்கென ஒரு ‘ஸ்டார்ட்அப்’ கோப்புறை வந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரிந்த இடம்தான். ஆனால் அதோடு ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பெரும் பதிவேட்டுக்குள்ளும் மென்பொருட்கள் தம் பெயரை எழுதிக்கொள்ள வழி இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் தெரிந்தவரைத்தான் அழைக்கவேண்டும். விண்டோஸ் 98 இல் ‘எம்.எஸ்.கொன்ஃபிக்’ என்ற கருவி வந்தபின்னரே சாதாரணப் பாவனையாளர் அப்பட்டியலைப் பார்த்துச் சரி அடையாளத்தை நீக்க முடிந்தது. 2012 இல் வந்த விண்டோஸ் 8 அந்தப் பட்டியலை ‘டாஸ்க் மானேஜர்’ என்ற கருவிக்குள் கொண்டுவந்து வைத்தது. ஆக, பத்து வருடங்களாக என் கணனியிலேயே இருந்த ஒரு பட்டியலை நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. பக்கத்தில் எது வரவேண்டும், எது வரக்கூடாது என்று மற்றவர்களோடு தினமும் சண்டையிட்ட செய்தி ஆசிரியன் நான்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தச் சொன்னாள் மருமகள். டாஸ்க் மானேஜர் திறந்தது. சிறிய வடிவில் திறந்தால் கீழே விரிவாகக் காட்டும்படி சொடுக்கவேண்டும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதி. விண்டோஸ் 11 இல் அதன் பெயர் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’, இடப்பக்க நிரலில் இருக்கும். அங்கே மென்பொருளின் பெயர், வெளியிட்ட நிறுவனத்தின் பெயர், அது இயங்க அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்ற விபரம், தொடக்கத்தில் அது ஏற்றும் சுமை ஆகியன வரிசையாக இருந்தன. சுமை உயர்வு, நடுத்தரம், குறைவு எனப் பிரிக்கப்பட்டிருக்கும். தொடங்கும்போது நுண்செயலியின் நேரத்தில் ஒரு வினாடிக்கு மேல் எடுத்தாலோ, வன்தட்டில் 3 மெகாபைட்டுக்கு மேல் வாசித்து எழுதினாலோ அது ‘உயர்வு’. வேண்டாத பெயரின்மீது வலப்பொத்தானைச் சொடுக்கி ‘டிசேபிள்’ என்பதைத் தெரிவுசெய்தால் முடிந்தது. மென்பொருள் அழிவதில்லை. நாம் அழைக்கும்போது வழமைபோல் திறக்கும். அழைக்காமல் வருவது மட்டும் நிற்கும். இந்த வேறுபாட்டைப் பின்னர் நான் மறந்தேன், அதைச் சொல்கிறேன்.

டாஸ்க் மானேஜரைக் கண்டு தயங்குபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸ் 10 இலும் 11 இலும் ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘ஆப்ஸ்’ என்ற பிரிவுக்குள் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பக்கத்துக்குப் போனால் அதே பெயர்கள் மின்சார ஆளிகள்போல் வரிசையாக நிற்கும். தேவையற்றதை அணைத்துவிடலாம். அப்பிள் கணனி வைத்திருப்போர், 2022 இல் வந்த வென்ச்சுரா பதிப்பு முதல், ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ இல் ‘ஜெனரல்’ பிரிவுக்குள் ‘லொகின் ஐட்டம்ஸ்’ என்ற இடத்தில் இதைக் காணலாம்.

பதினேழில் பதினொன்றை அன்று நிறுத்தினோம். ஒவ்வொரு பெயரையும் அவள் வாசிக்க, இது எனக்குத் தேவையா, தினமும் தேவையா என்று நான் சொல்லவேண்டும். வாசகர் கடிதங்களைத் தெரிவுசெய்வது போன்ற வேலை. நச்சுநிரல் தடுப்பில் கைவைக்க அவள் விடவில்லை. ஒலிக்கும் தொடுபலகைக்கும் உரியவற்றையும் விட்டுவிடச் சொன்னாள். கோப்புக்களை இணையக் களஞ்சியத்தில் சேமிக்கும் மென்பொருளைப் பற்றிச் சற்று விவாதம் நடந்தது. அதை நிறுத்தினால் கணனி இலேசாகும். ஆனால் நான் எழுதியவற்றின் பிரதி தானாக மேலே போவதும் நின்றுவிடும். அது இருக்கட்டும் என்றேன்.

மீண்டும் இயக்கிப் பார்த்தோம். எழுதும் பக்கம் திறக்க மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம் எடுத்தது. ஒன்பது எங்கே, மூன்று எங்கே! எனக்கு மகிழ்ச்சியைவிட ஒருவிதக் கசப்பே மிஞ்சியது. அன்று மாலை அந்த ஆறு நிமிடம் என்னிடம் இருந்திருந்தால், நான் எழுதியது என் எழுத்திலேயே போயிருக்கும்.

சில விருந்தாளிகள் அந்தப் பட்டியலோடு முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்தினால் எல்லா மென்பொருட்களும் மூடிவிடுவதில்லை. சில மணிக்கூட்டின் அருகே சிறு சின்னமாகச் சுருண்டு படுத்துக்கொள்கின்றன. அவற்றின் சொந்த அமைப்புக்களுக்குள் போய்த்தான் தானாகத் தொடங்குவதை நிறுத்தவேண்டும். முதல்நாள் திறந்திருந்தவற்றை மறுநாள் மீண்டும் திறந்துவைக்கும் வசதி ஒன்று விண்டோஸில் உண்டு. ‘செட்டிங்ஸ்’ இல் ‘அக்கவுண்ட்ஸ்’ பிரிவில், ‘சைன்-இன் ஒப்ஷன்ஸ்’ என்பதற்குள் அதை அணைக்கலாம். பட்டியல் போதாது, மூலைமுடுக்கெல்லாம் பார்க்கவேண்டும் என்போருக்கு ‘ஓட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் ஆகிய இருவர் உருவாக்கியது. அவர்களது நிறுவனத்தை 2006 இல் மைக்ரோசொப்ட் வாங்கிக்கொண்டது. அதைத் திறந்தால் நூற்றுக்கணக்கான வரிகள் வரும். என்னைப் போன்றவர்கள் பார்த்துவிட்டு மூடிவிடுவதே உத்தமம்.

நிறுத்தியவை நிறுத்தியபடியே இருக்கும் என்றும் நம்பவேண்டாம். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது சில மறுபடி வந்து குந்திக்கொள்கின்றன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால், அந்தப் பழைய கணனியை விட்டு இப்போது விண்டோஸ் 11 உள்ள ஒன்றுக்கு மாறியிருக்கிறேன். இதில் சுழலும் வன்தட்டு இல்லை; விரைவாகத் தொடங்குகிறது. இருந்தும், கடையிலிருந்து கொண்டுவந்து முதன்முதல் திறந்தபோதே பட்டியலில் ஏழு பெயர்கள் உட்கார்ந்திருந்தன. நான் இன்னும் ஒரு மென்பொருளும் போட்டிருக்கவில்லை!

நண்பரின் விடயத்துக்கு வருகிறேன். புத்தாண்டு முடிந்து மருமகள் போனபின், கற்ற வித்தை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. மீதமிருந்த ஆறு பெயர்களையும் தனியே இருந்து ஆராய்ந்தேன். நான்கைந்து ஆங்கில எழுத்துக்களால் மட்டும் பெயரிடப்பட்ட ஒன்று கண்ணில் பட்டது. வெளியிட்ட நிறுவனத்துக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. ஊர் பேர் இல்லாதவனுக்கு என் கணனியில் என்ன வேலை என்று அதையும் நிறுத்தினேன். அன்று கணனியை மூடிவிட்டு அலுவலக வேலைகளுக்குள் போய்விட்டேன்.

ஏப்ரல் மாதக் கடைசியில் நண்பரின் முப்பத்தொராம் நாள். நினைவுமலருக்காகப் பத்திரிகையில் வந்த என் குறிப்பை அனுப்பும்படி அவருடைய மகன் கேட்டிருந்தார். தாள் விலை ஏறிய ஏற்றத்தில் மலரையே பதினாறு பக்கத்துக்குள் அடக்கவேண்டியிருந்தது. அன்று மாலைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். பத்திரிகையில் திருத்த முடியாததை மலரிலாவது திருத்திவிடலாம் என்று எனக்குள் ஓர் ஆறுதல். ஆசிரியபீடத்திலிருந்து குறிப்பின் யுனிகோட் பிரதியைப் பெற்றுத் திறந்தேன். கடைசி வரிக்குப் போனேன். ‘லி’யை அழித்தேன். ‘ழி’யை அடித்தேன்.

திரையில் ஆங்கிலத்தின் ‘ஓ’வும் ‘பி’யும் வந்து நின்றன.

பாமினி முறையில் பழகிய விரல்கள் என்னுடையவை. அந்த முறையில் ‘ழ’வுக்குரிய விசை, ஆங்கிலத்தில் ‘ஓ’. அவ்விசைகளை யுனிகோட் தமிழாக மாற்றித் தருவது கணனியோடு சேர்ந்தே எழுந்து மணிக்கூட்டருகே அமைதியாக இருக்கும் ஒரு சிறு மென்பொருள். இ-கலப்பை போன்றவற்றைப் பாவித்தவர்களுக்கு இது புரியும். வருடக்கணக்காக அது அங்கே இருந்ததால், அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஊர் பேர் இல்லாதவன் என்று நான் வெளியே தள்ளியவன் அவன்தான். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கணனியை இருமுறை நிறுத்தி இயக்கினேன். மின்வெட்டு நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. முக்கால் மணித்தியாலம் போனபின்னரே மருமகளை அழைத்தேன்.

“நான் வந்துபோன பிறகு வேற ஏதும் நிப்பாட்டினீங்களோ மாமா?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அது பெரிய மனது. பட்டியலில் அதை மறுபடி அனுமதிக்கச் சொன்னாள். அவசரமானால் மென்பொருளைத் தேடித் திறந்தாலே போதும், கணனியை மீண்டும் இயக்கவும் தேவையில்லை என்றாள். நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு என்று அவள் முதலிலேயே சொன்னதுதான். தெரியாத பெயரைக் கண்டால் அது என்னவென்று தேடிப் பார்த்தபின்னரே கைவைக்கவேண்டும் என்றும், ஒரு தடவைக்கு ஒன்றிரண்டை மட்டும் நிறுத்திவிட்டு, கணனியை மீண்டும் இயக்கி, வழமையான வேலைகள் எல்லாம் நடக்கின்றனவா என்று பார்க்கவேண்டும் என்றும் சொன்னாள். இப்போது நிறுத்துபவற்றையெல்லாம் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

‘வழி’ என்று திருத்தி அனுப்பினேன். ஏன் திருத்தினேன் என்பதையும் மின்னஞ்சலில் இரண்டு வரியில் விளக்கியிருந்தேன். அரை மணித்தியாலத்தில் நண்பரின் மகன் அழைத்தார்.

“அங்கிள், அம்மாட்ட வாசிச்சுக் காட்டினனான். பேப்பரில வந்தமாதிரியே இருக்கட்டுமாம். அந்தச் சொல்லுத்தான் அவவுக்கு வேணுமாம்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பைத் திறந்து ‘ழி’யை அழித்து, ‘லி’யை அடித்து, திரும்ப அனுப்பினேன். அனுப்பி முடித்த சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது.

மலரின் ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.